எடையில் தண்ணி, கப்பில் காத்து

மழை விட்டு நாலு நாள் ஆச்சு. நடவு முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்வா இருக்கு. ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஒரு சண்டையை இன்னைக்குப் போட்டுடலாம்னு உக்காந்திருக்கேன். சண்டை உங்களோடதான், பட்டணத்து மக்களோட. கோவிச்சுக்காம முழுசாப் படிங்க. பாதியில எனக்கே ஒரு அடி விழுது, அதைப் பாக்கவாவது படிங்க.

சண்டை கப்பைப் பத்தி. காப்பி குடிக்கிற கப்பு இல்ல. சமையல் வீடியோவுல "ஒரு கப் எடுத்துக்கோங்க"ன்னு சொல்றாங்களே, அந்தக் கப்பு.

எனக்கு இருக்கறது ஒன்றரை ஏக்கர் நஞ்சை, அரை ஏக்கர் மேட்டுக்காடு. திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கு நிலம். மேட்டுக்காட்டுல மிளகாய், வரப்போரம் சுண்டை, கெணத்து மேட்டுல மணத்தக்காளி, தாத்தா வெச்ச ரெண்டு புளியமரம். நெல்லுல வர்ற காசு உங்களுக்குத் தெரியும், அதனால வீட்டுல வத்தல் போட்டு பட்டணத்துக்கு அனுப்பறோம். வத்தல் வேலை முழுக்க வீட்டுக்காரம்மாதான். நான் வெறும் பாக்கெட் கட்டுற ஆளு, கணக்குப்புள்ளை.

போன வருஷம் ஐப்பசியில ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல ஏழு வீட்டுக்கு மணத்தக்காளி வத்தல் கொடுத்தேன். வீட்டுக்கு 200 கிராம். ரெண்டு நாள் கழிச்சு அவங்க வாட்ஸப் குழுவுல ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அந்தக் குழுவுல இருக்கற ஒரு தம்பி எனக்குப் படம் புடிச்சு அனுப்பினான். "விவசாயின்னு நம்பி வாங்கினோம். 200 கிராம்னு சொன்னார். கப்புல அளந்தா ஒன்றரை கப்புக்கு மேல வரலை. நெட்டுல பாத்தா ஒரு கப் 100 கிராம்னு போட்டிருக்கு. அப்போ ரெண்டு கப் வரணும் இல்லையா? கிராமத்து ஆளுங்களும் இப்படி ஆரம்பிச்சுட்டாங்க." கீழ வரிசையா சோக மூஞ்சி பொம்மை.

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்க விடலை. காசு பெரிசில்ல. எங்க ஆயா காலத்துல இருந்து எடையில கை வெச்ச குடும்பம் இல்ல நாங்க. மறுநாள் காலையில முத்திரை போட்ட தராசைப் பையில கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

அந்த அம்மா நல்லவங்கதான். உள்ள கூப்பிட்டு தண்ணி கொடுத்தாங்க. பாக்கெட்டைக் கொண்டாந்தாங்க, தராசுல வெச்சேன். அவங்க எடுத்த அளவையும் சேத்து 200 கிராம், சுத்தமா. பாக்கெட் உறைக்குக் கூட நான் எடை போட்டதில்ல. "சாரிண்ணா"ன்னு சொன்னாங்க. "அப்ப நெட்டுல ஏன் அப்படிப் போட்டிருக்கு?"ன்னும் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. தெரியாததை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தவன் ஒரு வருஷமா இதையே நோண்டிக்கிட்டு இருக்கேன். நோண்டினதுல தெரிஞ்சதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல, கப்புன்னு ஒரு அளவே கிடையாது. அமெரிக்காக்காரன் கப்பு சுமார் 237 மில்லி. ஆஸ்திரேலியாக்காரன் கப்பு 250. ஜப்பான்ல 200. நீங்க கரண்ட் குக்கர் வாங்கினா கூடவே ஒரு பிளாஸ்டிக் கப்பு தர்றான் பாருங்க, அது 180. அதுவும் ஜப்பான்ல அரிசி அளக்கற பழைய அளவுல இருந்து வந்தது, அதாவது அவங்க ஊரு ஆழாக்கு. ஒரே சமையக்கட்டுல ரெண்டு மூணு கப்பு கிடக்குது, நீங்க எதுல அளந்தீங்க, வீடியோ போட்டவங்க எதுல அளந்தாங்க, அந்த நெட்டு பட்டியல் போட்டவன் எதுல அளந்தான், மூணும் தெரியாது. தெரியாத மூணை வெச்சு நாலாவதா என்னைத் திருடன்னு கண்டுபிடிச்சாச்சு.

சரி, கப்பு ஒரே கப்புன்னே வெச்சுக்குவோம். அப்பவும் காய்ஞ்ச பொருளை அதுல அளந்தா பொய்தான் வரும். தண்ணியோ எண்ணெயோ கப்புல இடம் விடாம நிக்கும். வத்தல் அப்படி நிக்காது. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, நடுவுல காத்தை வெச்சுக்கிட்டு நிக்கும். லேசாத் தூவினா காத்து நிறைய. தட்டினா காத்து குறையும். விரலால அமுக்கினா இன்னும் குறையும். அமெரிக்க விவசாயத் துறை உணவுப் பட்டியல்ல கிஸ்மிஸுக்கு ரெண்டு கணக்குப் போட்டிருக்காங்க. அமுக்காத கப்பு 145 கிராம், அமுக்கின கப்பு 165 கிராம். அதே கப்பு, அதே கிஸ்மிஸ், விரல் மட்டும்தான் வித்தியாசம். எம் பொண்ணு தாம்பரத்துல இருக்கா, டிசம்பர்ல கேக் போடுவா, நாலு கப் கிஸ்மிஸ்னு குறிப்புல இருக்கும். ஒருத்தி போட்டா 580 கிராம், இன்னொருத்தி போட்டா 660. 80 கிராம் கிஸ்மிஸ் எங்கிருந்து வந்துச்சு? விரல்ல இருந்து. அப்புறம் "அவ கேக்கு மட்டும் எப்படி இனிக்குது"ன்னு கைராசி பேசறது.

அந்த நாட்டுலயே இதுக்கு ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கு. பாஸ்டன் ஊர்ல ஃபேனி ஃபார்மர்னு ஒரு சமையல் வாத்தியாரம்மா 1896-ல புத்தகம் போட்டாங்க. கப்பானாலும் ஸ்பூனானாலும் கத்தியால தலை தட்டித்தான் அளக்கணும்னு சொன்னாங்க. தலை தட்டி அளக்கற பழக்கம் அந்த நாட்டுல பரவினதுல அவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தலை தட்டறதுன்னா என்னன்னு எங்க ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா தலை தட்டறது மேல இருக்கற கோபுரத்தை மட்டும்தான் எடுக்கும். உள்ள இருக்கற காத்தை அது ஒண்ணும் செய்யாது.

இப்ப நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். "கப்பை விடுங்கண்ணா, நம்ம பாரம்பரிய அளவைக்குத் திரும்பணும்ணா. படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் எவ்வளவு அறிவியல்!" வாரம் ஒருத்தர் எனக்கு இந்தப் பட்டியலை அனுப்பறாங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். கீழ ஒரு பித்தளைப் படி படம், பகிருங்கள் தமிழர்களேன்னு ஒரு வரி.

அய்யா, அந்தப் படியால அடிபட்டவங்க பேரன் நான்.

எங்க ஆயா கூலிக்கு அறுத்தவங்க. கூலி நெல்லாத்தான். அவங்க சொல்லுவாங்க, பெரிய வீட்டுல ரெண்டு மரக்கால் இருந்துச்சாம். வாங்கற மரக்கால் ஒண்ணு, கொடுக்கற மரக்கால் ஒண்ணு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. குத்தகை நெல்லு அளக்கறப்ப பெரிசு வரும், கூலி அளக்கறப்ப சின்னது வரும். மரக்காலை மாத்த முடியாத எடத்துல கையை மாத்துவாங்க. குத்தகை அளக்கறவன் நெல்லை மேல இருந்து கொட்டி, காலால ஒரு தட்டுத் தட்டி, மறுபடி குவிச்சு எடுப்பான். கூலி அளக்கறவன் நெல்லைத் தாய் புள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி மெதுவாத் தூவி, ஆடாம அசையாமத் தலை தட்டுவான். மேல படிச்சீங்களே கிஸ்மிஸ் கணக்கு, 145-க்கும் 165-க்கும் இருக்கற அந்த வித்தியாசம்? அது எங்க ஆயா வயித்துல இருந்து போச்சு. அமெரிக்காக்காரன் எழுதி வெச்சதுக்கு முன்னாடியே எங்க களத்து ஆளுங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியும்.

படியும் ஊருக்கு ஊரு வேற. பட்டணம் படி பெரிசு, தெக்க போனா சின்னப் படி. இதே செங்கல்பட்டு ஜாகீர் முழுக்க வெள்ளைக்காரன் காலத்துல, 1760-கள்லயும் 70-கள்லயும் பர்னார்டுன்னு ஒரு அதிகாரி ஊர் ஊராக் கணக்கெடுத்தாரு. விளைச்சல் எல்லாம் கலத்துல இருக்கு. இன்னைக்கு அதைப் படிச்சு ஏக்கருக்கு எத்தனை டன்னுன்னு சொல்லணும்னா, முதல்ல அந்தக் கலம் எவ்வளவு பெரிசுன்னு தீர்த்தாகணும். கப்பு எவ்வளவு பெரிசுன்னு நான் முழிச்ச அதே முழி.

அதனால 1956-ல அளவைச் சட்டம் வந்து, 1962-க்குள்ள கிலோ கட்டாயம்னு ஆனப்ப, அது வெள்ளைக்காரன் வேலைன்னு இன்னைக்கு உக்காந்து திட்டறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது. வந்தது சுதந்திர நாட்டுல நாம போட்ட சட்டம். தராசுக் கல்லைத் தட்டிக் குவிக்க முடியாது. கூலிக்காரனுக்கு அது நல்லது. மக்கள் சீக்கிரம் விடலை, அது வேற. 1967 தேர்தல்ல தி.மு.க. ரூபாய்க்கு மூணு படி அரிசின்னுதான் பேசுச்சு. ஜெயிச்ச பிறகு சென்னையிலயும் கோவையிலயும் ரூபாய்க்கு ஒரு படி போட்டாங்க. கிலோ வந்து அஞ்சு வருஷம் ஆகியும் வயித்தோட மொழி படிதான். இன்னைக்கும் பொரி படியிலதான். மாமல்லபுரம் கடற்கரையில, பள்ளிக்கூட வாசல்ல இலந்தைப்பழமும் வேர்க்கடலையும் ஆழாக்குலதான். அதை நான் குத்தம் சொல்லலை. பத்து ரூபாய்க்கு வாங்கி அங்கயே நின்னு துன்னுட்டுப் போறதுக்கு என்ன தராசு? ஆனா அந்த ஆழாக்கோட அடியை ஒரு தடவை உள்ள கையை விட்டுப் பாருங்க. சில ஆழாக்குக்கு அடி மேல எழும்பியிருக்கும்.

ஆக, கப்பும் வேணாம், படியும் வேணாம், கிராம்தான் சத்தியம்னு நான் முடிப்பேன்னு நினைச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த அம்மா வீட்டுல தராசு 200 காட்டினப்ப ஜெயிச்சுட்டோம்னுதான் நினைச்சேன். திரும்பி வர்ற பஸ்ஸுல, கேளம்பாக்கம் தாண்டி உப்பளம் பக்கம் வர்றப்ப, கையில மிச்சம் இருந்த ஒரு பாக்கெட்டைச் சும்மா அமுக்கிப் பாத்தேன். கலகலன்னு சத்தம் வரணும். வரலை. உள்ள இருந்த காய் விரலுக்கு வளைஞ்சு கொடுத்துச்சு.

இங்கதான் எனக்கு அடி.

மணத்தக்காளி வத்தல் எப்படிப் போடறதுன்னு சொன்னாத்தான் இது புரியும். காய் பழுக்கறதுக்கு முன்னாடி பச்சையாப் பறிக்கணும். கழுவி, உப்புப் போட்ட கெட்டி மோர்ல ராத்திரி ஊற வெச்சு, காலையில எடுத்துப் பாயில காய வெச்சு, சாயங்காலம் மறுபடி அதே மோர்ல போடணும். மோர் வத்தற வரைக்கும் மூணு நாலு நாள் இதே வேலை. அப்புறம் வெறும் வெயில். பங்குனி, சித்திரை வெயில்ல காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், வாயில போட்டுக் கடிச்சா நொறுங்கும். அதைப் பானையில கட்டி வெச்சா வருஷம் தாங்கும்.

இதுல உப்பு இருக்கு பாருங்க, அதுவும் கடல் கல்லுப்பு, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். உப்பு ஜாடி மழைக்காலத்துல கசியறதைப் பாத்திருப்பீங்க. எங்க ஊரு கடல்ல இருந்து கூப்பிடு தூரம். ஐப்பசியில வடகிழக்குக் காத்து வர்றப்ப திண்ணையில துணி காயாது. நான் என்ன பண்ணேன்? சித்திரையில காய்ஞ்ச வத்தலை ஐப்பசி மழையில, திண்ணையில தார்ப்பாயை விரிச்சுக் கொட்டி, ரெண்டு நாள் உக்காந்து பாக்கெட் போட்டேன். அந்த ரெண்டு நாளும் அது ஈரம் குடிச்சிருக்கு. நான் எடை போட்டது குடிச்ச பிறகு.

வீட்டுக்கு வந்து சோதிச்சுப் பாத்தேன். பானை அடியில இருந்து நல்ல வத்தல் ஒரு கிலோ எடை போட்டு, தாம்பாளத்துல கொட்டி, ராத்திரி திண்ணையில வெச்சேன். காலையில எடை போட்டா 1 கிலோ 40 கிராம். ஒரே ராத்திரி. வீட்டுக்காரம்மா பாத்துட்டு, "இன்னாங்க, தண்ணியைக் கிலோவா வித்துக்கினு இருந்தோமா?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

கணக்கு இப்படிப் போட்டுப் பாருங்க. வத்தல்ல நூத்துக்குப் பத்துப் பங்கு ஈரம் இருந்தா 200 கிராம்ல காய் 180 கிராம், தண்ணி 20. அதே வத்தல் ஈரம் குடிச்சுப் பதினாறு பங்கு ஆனா, 200 கிராம்ல காய் 168, தண்ணி 32. தராசு ரெண்டையும் 200-ன்னுதான் சொல்லும். தராசு மேல தப்பில்ல. 12 கிராம் காய் அந்த அம்மாவுக்குப் போகலை. காய் எண்ணிக்கை குறைஞ்சா கப்புல உயரமும் குறையும். நமுத்த காய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அமுங்கும், காத்தும் குறையும். பஸ்ஸுலயும் வண்டியிலயும் குலுங்கி வந்ததுல இன்னும் கொஞ்சம். அந்த நெட்டுப் பட்டியல் எந்தக் கப்புல அளந்ததோ, அது வேற. எல்லாம் சேந்துதான் ரெண்டு கப்பு ஒன்றரை கப்பாச்சு. அவங்க கேட்ட கேள்வி தப்பு, பிடிச்ச பட்டியல் தப்பு, என்னைத் திருடன்னு சொன்னது தப்பு. ஆனா பாக்கெட்டுல ஏதோ குறையுதுன்னு அவங்க கண்ணு சொன்னது தப்பில்ல.

இதைப் போன்ல கூப்பிட்டு அவங்ககிட்ட சொன்னேன். ஏழு வீட்டுக்கும் அம்பது அம்பது கிராம் கூட அனுப்பினேன். அதுல நாலு வீடு அப்புறம் என்கிட்ட வாங்கவே இல்ல. "அவரே ஒத்துக்கிட்டாரே"ன்னு பேசிக்கிட்டாங்களாம். ஒத்துக்காம இருந்திருந்தா தராசு என் பக்கம்தான் சாட்சி சொல்லியிருக்கும். சரி, அது போகட்டும்.

நான் உங்க மேல சண்டைக்கு வர்ற எடம் இதுதான். நான் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா, மூட்டைக்கு 40 கிலோன்னு நிறுக்கறதுக்கு முன்னாடி ஒரு மெஷினை உள்ள விட்டு ஈரம் பாப்பாங்க. 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. திருப்பி அனுப்பினா களத்துல கொட்டிக் காய வெக்கணும், மழை வந்தா போச்சு. மழை வருஷத்துல டெல்டாக்காரங்க போராடித்தான் அந்த அளவுல தளர்வு வாங்கறாங்க. அதாவது விவசாயிகிட்ட வாங்கறப்ப எடை மட்டும் போதாது, எடையில எவ்வளவு தண்ணின்னு பாக்கணும்னு சர்க்காருக்குத் தெரியுது. அதே சாமான் காய்ஞ்சு, பாக்கெட்டாகி, உங்க கைக்கு வர்றப்ப அந்தக் கேள்வி எங்க போச்சு? பாக்கெட்டுல நிகர எடை போடணும்னு சட்டம் இருக்கு, போட்டிருக்கு. நீங்களும் ஈரத்தைக் கேக்கறதில்ல. "ஆர்கானிக்கா"ன்னு கேக்கறீங்க. "ஒரு கிலோவுக்கு எத்தனை கப்"னு கேக்கறீங்க. "எப்ப காய வெச்சீங்க, எப்ப கட்டினீங்க"ன்னு ஒரே ஒருத்தர் கேட்டிருந்தாக் கூட நான் ஐப்பசியில பாக்கெட் போட்டிருக்க மாட்டேன்.

காய்ஞ்ச மிளகாய்க்கும் இதே கதைதான். செடியில பழுத்த மிளகாய் காய்ஞ்சா நாலுல ஒரு பங்குக்குப் பக்கம் நிக்கும். சரியாக் காய்ஞ்சதா, இல்ல எடைக்காக ஈரத்தோட விட்டதான்னு காதால கண்டுபிடிக்கலாம். ஒரு கை அள்ளிக் குலுக்கினா உள்ள விதை ஆடற சத்தம் கேக்கணும். மொத்த வியாபாரிங்க அதைக் கேட்டுத்தான் வாங்கறாங்க. நீங்க கண்ணாடி மாதிரி ஒட்டின பாக்கெட்டுக்கு வெளிய நின்னு கலர் பாத்து வாங்கறீங்க.

புளி இன்னும் மோசம். "50 கிராம் புளி"ன்னு குறிப்புல எழுதறவங்களைத்தான் கேக்கறேன், எந்தப் புளி? புளியம்பழத்துல சதை சுமார் 55 பங்கு, கொட்டை 34 பங்கு, ஓடும் நாரும் 11 பங்கு. ஓடு எடுத்துக் கொட்டை எடுக்காத புளியில மூணுல ஒரு பங்குக்கு மேல கொட்டை. கொட்டை எடுத்ததுல முழுக்கப் புளி. கெடாம இருக்க உப்புப் போட்டுப் பிசைஞ்சிருந்தா அதுவும் எடைதான். ரெண்டுமே 50 கிராம், கொழம்பு ஒண்ணு புளிச்சுப் பல்லு கூசும், இன்னொண்ணு சப்புன்னு இருக்கும். புளியைக் கப்புல அளக்கச் சொன்ன ஒரு வீடியோவையும் பாத்தேன். புளியை எப்படிங்க கப்புல அளக்கறது? செங்கல் அறுக்கற மாதிரி அச்சுல போட்டு அடிக்கணும்.

எங்க வீட்டுல எலுமிச்சை அளவு புளிம்பாங்க. ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு. இதைக் கேட்டு நீங்க சிரிக்கறீங்க, எந்த எலுமிச்சைன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான், ஆடி எலுமிச்சை வேற, மாசி எலுமிச்சை வேற. ஆனா எலுமிச்சைக்கு ஒரு அடக்கம் இருக்கு. "நான் உத்தேசம்தான், கரைச்சு வாயில வெச்சுப் பாத்துக்கோ"ன்னு அதுவே சொல்லிடுது. எலுமிச்சையைக் காட்டி எவனும் எவனையும் வாட்ஸப்புல திருடன்னு எழுதினதில்ல. கப்பு அப்படி இல்ல. உத்தேசமா இருந்துக்கிட்டு, 236.6-ன்னு புள்ளி வெச்சுப் பேசுது.

"சமையல்ல இதெல்லாம் பாத்தா முடியுமா, கைப்பக்குவம்தான்"னு ஒரு கட்சி இருக்கு. நாப்பது வருஷம் சமைச்சவங்களுக்கு அது சரி. கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போய், அம்மா பக்கத்துல இல்லாம, போனைப் பாத்து முதல் தடவை வத்தக்கொழம்பு வெக்கற பொண்ணுக்கோ பையனுக்கோ கைப்பக்குவம் எங்கிருந்து வரும்? அவங்களுக்கு அளவு வேணும். அவங்க கேக்கறதுல தப்பே இல்ல. அரைக் கப்பு மணத்தக்காளி வத்தல்னு வீடியோவுல சொன்னதை நம்பி, அமுக்கி அளந்து போட்டு, வத்தல்ல இருக்கற உப்போட கொழம்புல போட்ட உப்பும் சேந்து வாயில வைக்க முடியாமக் கொட்டினேன்னு ஒரு பையன் எனக்கு எழுதியிருந்தான். கோபம் அவன் மேல இல்ல, ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல் போடறவங்க மேல.

அதனால உங்க வீட்டுப் பட்டியலை நீங்களே போடுங்க. சமையக்கட்டுத் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க, நீங்க ஒரு தடவை ஓட்டல்ல சாப்பிடற காசு ஆகாது. தினம் புழங்கற ஒரு டம்ளரை எடுத்துக்கோங்க. புதுசா வத்தலோ கிஸ்மிஸோ வாங்கினா, டம்ளர்ல தூவி நிரப்பி, தட்டாம, அமுக்காம, தலை மட்டும் தட்டி, ஒரே ஒரு தடவை எடை போடுங்க. அந்த எண்ணை டப்பா மூடியில எழுதி ஒட்டுங்க. சுண்டைக்கு வேற வரும், மணத்தக்காளிக்கு வேற வரும், போன மாசம் வாங்கினதுக்கும் இந்த மாசம் வாங்கினதுக்குமே வேற வரலாம். வேற வந்தா வித்தவனைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு காயை எடுத்துக் கடிச்சுப் பாருங்க. நொறுங்கினா சரக்கு நல்லது. சவ்வு மாதிரி இழுத்தா, அப்பத் திட்டுங்க. என்னையும் சேத்து. வீடியோ போடற தாய்மாருங்க கிராமும் சேத்துச் சொல்லுங்க, உங்க கப்பு எத்தனை மில்லின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அஞ்சு நொடிதான் ஆகும், சந்தா பண்ணுங்கன்னு சொல்ற நேரத்தை விடக் கம்மி.

நான் என் பக்கம் மாத்திக்கிட்டது: இந்த வருஷம் சித்திரையில, உச்சி வெயில்ல, பாய்ல இருந்து எடுத்த சூட்டோட தகர டின்னுல போட்டு மூடி, அன்னைக்கே பாக்கெட் கட்டிட்டோம். ஒரு நாள்ல முடியலை, மூணு மத்தியானம் ஆச்சு. எனக்குத் தலைவலி வந்து படுத்தது தனிக் கதை. பாக்கெட் மேல எடையோட "சித்திரையில் கட்டியது"ன்னும் எழுதியிருக்கேன். ஈரம் பாக்கற மெஷின் சின்னது ஒண்ணு வாங்கலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது. விலை கேட்டேன், வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். இப்போதைக்குப் பல்லுதான் மெஷின்.

அந்த ஓ.எம்.ஆர். அம்மா வைகாசியில மறுபடி ஆர்டர் போட்டாங்க, 200 கிராம். கூடவே, "இது எத்தனை கப் வரும்ணா?"ன்னு ஒரு சிரிக்கிற பொம்மை. "உங்க வீட்டு டம்ளர்ல எவ்வளவு வருதுன்னு நீங்க சொல்லுங்கம்மா"ன்னு பதில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு: ரெண்டு டம்ளரும் ஒரு கைப்பிடியும். அதை நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். அடுத்த சித்திரைக்கும் அதே டம்ளர்ல அளந்து சொல்றதாச் சொல்லியிருக்காங்க.